அளவுக்கு நின்றவன்

கல்லுக்கென்று உயரம் கிடையாது, ஷெரிப். படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு இது சீக்கிரமே தெரிந்துவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்தான். நடுவில் ஒரு வெள்ளைப் பாறை தனியாக எழுந்து நிற்கிறது. அடியில் நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். அதையே படமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், மேசைமேல் வைத்த சர்க்கரைக் கட்டி மாதிரி இருக்கும். பக்கத்தில் மரம் இல்லை, வீடு இல்லை, பார்க்கிறவன் எதை வைத்து அளப்பான்? அதனால் அடியில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். ஆள் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறானோ, அவ்வளவுக்குக் கல் பெரிதாகும்.

எனக்கு அந்த ஆள் என் புருஷன் எர்வின். கல்யாணமான புதிதிலிருந்து அவன்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால்தான் இங்கிருந்து தொடங்குகிறேன். நீங்கள் காப்பியைக் குடியுங்கள், ஆறுகிறது. தேவாலய விருந்துக்கு நூடுல்ஸ் மாவு தேய்க்கும் நாளில் உங்கள் அம்மாவும் நானும் ஒரே மேசையில்தான் நிற்போம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று அவள் புலம்பாத நாள் இல்லை. நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். நிதானமாகவே பேசலாம்.

அந்தக் கல்லை நம் பக்கம் பாதிரி என்பார்கள். உங்களுக்குத் தெரியும், இந்த எந்திரத்தில் பதிவாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நெஞ்சுவரை நேராக எழுந்து, அதற்குமேல் மேற்குப் பக்கமாகக் குனிந்து, பிரசங்க மேடையிலிருந்து கீழே இருப்பவனை முறைப்பதுபோல நிற்கும். சாலையோரத்துப் பாறைகளை வெளியூர்க்காரர்கள் ஏறி மிதித்துப் பெயர் செதுக்கிப் பாழாக்கிவிட்டார்கள். பாதிரி எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குள்ளே இரண்டு கேட் தாண்டி இருப்பதால் தப்பித்தான். கல் என்று சொல்கிறோமே தவிர, சாக்பீஸ்தான் அது. நகத்தால் கீறலாம். இந்த இடமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் அடியில் படிந்த வண்டல். இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்தால் சுறாப் பல் கிடைக்கும். எர்வின் அதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுவான். துவைக்கும் எந்திரம் கடகடவென்று சத்தம் போடும்போதுதான் எனக்குத் தெரியும்.

அவனை நிறுத்துவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. முதுகுதான் தெரிய வேண்டும், முகம் கூடாது. முகம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், கல்லைப் பார்க்க மாட்டான். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. நானாகவே கண்டுகொண்டது. எர்வினும் ஒருநாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, வலது காலில் பாரத்தைப் போட்டு, கல்லைப் பார்த்தபடி நிற்பான். எத்தனையோ படங்களில் அந்த முதுகு இருக்கிறது. தானியக் கிடங்கின் நாள்காட்டியில் இருக்கிறது, வங்கிச் சுவரில் இருக்கிறது. இந்த அலுவலகத்தின் வாசலில்கூட ஒன்று மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன்.

முதுகைக் காட்டி நிற்பவன் நான் சொல்வதை எப்படிப் பார்ப்பான் என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். அவர் நகரத்திலிருந்து வந்தவர், கேட்க வேண்டியதுதான். நான் நிற்கும் மேட்டுக்கும் கல்லுக்கும் இடையில் கத்தினால் கேட்காது, காற்று வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் எர்வின் பழைய பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தான். அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டால் பின்னால் நான் காட்டும் கை தெரியும். அறுவடையில் காட்டுகிற அதே சைகைகள்தான். தானிய லாரியைத் தானியம் கொட்டும் குழாய்க்கு அடியில் பின்னால் எடுக்கும்போது ஓட்டுகிறவன் தன் கண்ணை நம்பக்கூடாது, வெளியே நிற்கிறவரின் கையைத்தான் நம்ப வேண்டும். கையை நீட்டினால் அந்தப் பக்கம் போ. உயர்த்தினால் நில், அசையாதே. இறக்கினால் முடிந்தது. கை ஏன் உயர்ந்திருக்கிறது என்று யாரும் இறங்கி வந்து கேட்பதில்லை. சக்கரத்துக்கு அடியில் யாருடைய கால் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும். நாம் எல்லோரும் இப்படி வளர்ந்தவர்கள்தான். நீங்களும்தான்.

இனி லொரெட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் நிலையத்தில் இருக்கிறாளே, அவள்தான். புருஷன் போனபிறகு பொழுது போகவில்லை என்று ஒரு கேமரா வாங்கினாள். அதை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவாள், நான் கறியும் கோசும் அடைத்துச் சுட்ட பீராக் ரொட்டியைத் தின்றுகொண்டே என் படங்களைப் புரட்டுவாள். காலை வெளிச்சம் எது, மாலை வெளிச்சம் எது, மேகத்தை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது, எல்லாம் சொன்னேன். நல்ல பெண். இப்போதும் அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போன ஆகஸ்டில் கவுண்டிக் கண்காட்சி. தகரக் கொட்டகைக்குள் அடுப்புபோல வெக்கை. எர்வின் நேராக மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். நான் படங்கள் மாட்டியிருந்த பலகைக்குப் போனேன். வழக்கமாக முதல் பரிசுக்கான ஊதா ரிப்பன் என் படத்தில்தான் தொங்கும். இந்த முறை லொரெட்டாவின் படத்தில் தொங்கியது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், நம்புங்கள். நான் சொல்லிக்கொடுத்தவள் அல்லவா.

பிறகுதான் அது பாதிரி என்று தெரிந்தது. என் மேட்டிலிருந்து, என் வெளிச்சத்தில் எடுத்தது. இரண்டு கேட்டையும் யாரோ திறந்துவிடாமல் அங்கே போயிருக்க முடியாது. அதற்கும் பிறகுதான் அடியில் நின்ற ஆளைப் பார்த்தேன். ஒரு கோதுமை மணி அளவு இருக்கும். முதுகு இல்லை. முகம். ஒரு கை மேலே உயர்ந்திருந்தது. சின்ன எழுத்துப் படிக்க என் கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். எடுத்து வைத்துப் பார்த்தேன். கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரிந்தது.

பக்கத்து மேசையில் தையல் போர்வைகளுக்குப் பொறுப்பாக ஆக்னஸ் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் தப்பாது.

"அட, இது உங்க எர்வின்தானே?" என்றாள். "இந்தாளு இவ்வளவு லட்சணமா இருப்பாருன்னு இன்னைக்குத்தான் தெரியுது. உன் படத்துல இத்தனை வருஷமா முதுகைத்தானே பாத்தோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லொரெட்டா எலுமிச்சைப் பானத்தோடு வந்து சேர்ந்தாள். "பாத்துட்டியா வில்மா? நீ திட்டுவியோன்னு காலையிலேருந்து பயந்துகிட்டிருந்தேன்."

"எதுக்குத் திட்டணும்?"

"உன் கல்லாச்சே."

"கல்லு யாருக்கும் சொந்தம் இல்ல, லொரெட்டா."

"ஆளு?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "ஒரே ஒரு சாயங்காலம் இரவல் வாங்கினேன். கீறல் படாம திருப்பிக் குடுத்துட்டேன்ல?"

அவள் கையில் இருந்த கோப்பையை வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். படம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னேன். அடிவானம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் எர்வின் தானாகவே பேச்சை எடுத்தான். மறைக்கிற ஆள் இல்லை அவன்.

"நீ உங்க அக்காவைப் பாக்கப் போயிருந்தியே, அப்பத்தான் வந்தா. கேட்டைத் திறந்துவிட்டேன். நிக்க முடியுமான்னு கேட்டா, நின்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? என் முட்டிவலிக்கு நிக்கிறதே பெரிசு. நீ வேற."

நான் அவனை நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அவர்களுக்குள் வேறெதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், ஷெரிப். அவன் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருப்பான், நான் கொஞ்ச நாள் படுக்கையறைக் கதவைச் சாத்தியிருப்பேன், பிறகு குளிர்காலம் வந்திருக்கும், திறந்திருப்பேன். அது ஊர் உலகத்தில் நடக்கிறதுதான்.

"எதுக்குத் திரும்பின?" என்று கேட்டேன்.

"என்னது?"

"மூஞ்சியைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே. எதுக்கு?"

எதிரே வந்த லாரிக்காரனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான். யாராக இருந்தாலும் காட்டுவான், அந்நியனாக இருந்தாலும். லாரி கடந்தபிறகு சொன்னான்.

"திரும்பச் சொன்னா. திரும்பினேன். நீ ஒரு தடவையாச்சும் சொல்லியிருக்கியா, வில்மா?"

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மழை பெய்ததா என்று கேட்பதுபோலத்தான் கேட்டான். அப்படியே என் தொடையில் தட்டினான்.

"இப்ப என்ன, உனக்கும் வேணுமா? வா, நேரா அங்கேயே போவோம், வெளிச்சம் இருக்கு. பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். போதுமா, கிழவி?"

"வேண்டாம்," என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள். கேட்டிருந்தால் அன்றைக்கே தந்திருப்பானே என்கிறீர்கள். தந்திருப்பான். ஆனால் அவளுக்குத் தந்தபிறகு எனக்குத் தருவது என்னுடையது ஆகுமா? அவள் படத்தின் நகல் அது. நான் கேட்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவனாக எனக்காகத் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதிகமாக எதுவும் நான் ஆசைப்படவில்லை.

அவன் அதைப் புரிந்துகொள்ளவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, "படம் எடுக்கப் போகலாமா?" என்பான். சமாதானப்படுத்துகிறானாம். நான் வேலை இருக்கிறது என்பேன். இப்படியே இலையுதிர் காலம் போயிற்று.

அடுத்து உப்பு. அதை நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இடிபாட்டுக்குள்ளிருந்து உப்புக்கட்டிகளைத் தோண்டி எடுத்தபோதே உங்கள் முகம் மாறியது.

மாடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அது நக்குவதற்கான உப்புக்கட்டியை வைப்போம். அது எங்கே போகக்கூடாதோ அங்கே வைக்க மாட்டோம். சுண்ணக்கல் பக்கத்தில் யாரும் வைப்பதில்லை. உப்பு கரைந்து கல்லுக்குள் இறங்கும், மாடு கட்டியை முடித்துவிட்டுக் கல்லை நக்கும், பிறகு அதிலேயே முதுகைத் தேய்க்கும். மாட்டு நாக்கு அரம் மாதிரி. இது நம் கவுண்டியில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போன குளிர்காலம் எர்வினின் முட்டி வீங்கியிருந்ததால் தீவனமும் உப்பும் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். உப்பைப் பாதிரியின் அடியில் வைத்தேன்.

நிழலான பக்கம் வைத்தால் சீக்கிரம் கரையாது என்பதால் வைத்தேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். கல்லின் மேற்குப் பக்கத்தில் மாலை முழுக்க வெயில்தான். அது உங்களுக்கும் தெரிந்திருந்தது. மரியாதைக்காகப் பேசாமல் இருந்தீர்கள். உங்களை நல்லபடியாக வளர்த்திருக்கிறாள் உங்கள் அம்மா. பாதிரி குனிந்திருக்கும் பக்கம் எதுவோ, அந்தப் பக்கமாகத்தான் வைத்தேன்.

அப்போது எர்வினைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் இல்லை. கல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். கல் இல்லாவிட்டால் லொரெட்டாவுக்குப் பின்னால் இன்னொருத்தி அங்கே போய் நின்று எர்வினைத் திரும்பச் சொல்ல முடியாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அடியில் ஒரு கன்றுக்குட்டி சுருண்டு படுக்கும் அளவுக்குக் குழிந்துவிட்டது. ஒரு பெரும் பனிப்பொழிவின்போது உண்மையிலேயே ஒன்று படுத்திருந்தது. அந்தக் குழிவைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வாரா வாரம். நாக்குத் தடங்கள் வரிவரியாக, ஆற்று மணல் மாதிரி இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் அவ்வளவு அழகு. கேமராவில் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.

மார்ச்சில் ஈரப் பனி கொட்டியது. உருகியது. அதன்மேல் மழை. சாக்பீஸைத் தண்ணீரில் போட்டால் எப்படிக் குடிக்கும், அப்படிக் குடித்திருக்கும் கல். மூன்றாம் நாள் வானம் துடைத்து விட்டாற்போல இருந்தது. மத்தியானம் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் செய்திருந்தேன். எர்வின் ரோலைச் சில்லியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இன்னைக்கு வெளிச்சம் நல்லா வரும். பாதிரிகிட்டப் போலாமா?" என்றேன்.

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

எழுந்து போய்ச் சவரம் செய்துகொண்டான். ஈஸ்டருக்கு வாங்கி வைத்திருந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். காதுக்குக் கீழே சோப்பு நுரை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

"மூஞ்சியா, முதுகா?" என்று கேட்டான்.

"முதுகு," என்றேன்.

சட்டைக் காலரைத் தடவிச் சரிசெய்துகொண்டான். பிறகு, "சரி. ராணியம்மா உத்தரவு," என்று சொல்லிவிட்டு, கொக்கியில் மாட்டியிருந்த வண்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டான்.

கல்லுக்கு அருகே போய் இறங்கியதும் குழிவைப் பார்த்தான். குனிந்து உள்ளே கை விட்டுத் தடவினான். கை வெள்ளையாகத் திரும்பியது.

"மாடு தின்னே தீத்துடுச்சே. இங்க எந்த மடையன் உப்பு வச்சான்?"

"நான்தான்."

"நீயா?"

"நீ முட்டிவலின்னு வீட்டுலயே உக்காந்துட்ட. என்னால தூக்க முடிஞ்ச வரைக்கும் தூக்கிட்டு வந்து போட்டேன்."

என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவன் எதையாவது கேட்டிருக்கலாம். நான் பதில் சொல்லியிருப்பேன், பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"போகட்டும் விடு. என் தப்புதான், நான் வந்திருக்கணும்," என்றான். "இந்த வருஷம் பாதிரி விழுந்துருவாரு போல. இதுதான் கடைசிப் படமா இருக்கும்."

"அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"எங்க நிக்கட்டும்?"

"கை காட்டுறேன்."

மேட்டுக்கு வந்து ஸ்டாண்டை ஊன்றினேன். என் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கல் வெண்ணெய் நிறத்துக்கு மாறியிருந்தது. முதலில் அவன் ஓரமாக, பத்திரமான இடத்தில்தான் நின்றான். இடது கையை நீட்டினேன். நகர்ந்தான். இன்னும் நீட்டினேன். நகர்ந்தான். முன்னால் போகச் சொன்னேன். கல்லின் தலை நேர் மேலே வரும் இடம் வந்ததும் கையை உயர்த்தினேன். நின்றுவிட்டான். வலது காலில் பாரத்தைப் போட்டான், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினான். கண்ணாடி நெஞ்சுக்கு முன்னால் போயிற்று.

கேமராவிலிருந்து ஒரு வயர் தொங்கும், அதன் நுனியில் பொத்தான். வலது கையில் அது. இடது கை மேலே. முதல் சில படங்கள் சாதாரணமானவைதான். பிறகு லென்ஸ் வழியே பார்த்தபோது, அவன் தொப்பியின் விளிம்பில் மாவு சலித்ததுபோல ஏதோ விழுந்தது. நீலச் சட்டையின் தோள்கள் வெளுத்தன. சுண்ணக்கல் விழுவதற்குமுன் அப்படித்தான் உதிரும். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அவன் தலை லேசாகக் கண்ணாடியை நோக்கித் தாழ்ந்தது. கண்ணாடியில் என் கை உயர்ந்திருந்தது. அதனால் அவன் அசையவில்லை.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். தனக்குத் தெரியாத எதையோ நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். காலடியில் பாம்பு இருக்கலாம், நகர்ந்தால் கல் வேறு பக்கம் சாயலாம். நான் கையை உயர்த்தி அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றான். அத்தனை வருட அறுவடையில் என் கை அவனை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை.

போர்வையைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். காற்றையும் தாண்டிக் கேட்டது. அப்போது அவன் திரும்பினான்.

என் நிழலை எப்படிக் கவனித்தீர்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான். அந்த வெளிச்சத்தில் என் நிழல் நீண்டு கல்லின் அடிவரை போய்விடும். அதைப் படத்துக்குள் விடாமல் ஒதுங்கி நிற்பதுதான் முதல் பாடம், லொரெட்டாவுக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன். அன்றைக்கு நான் ஒதுங்கவில்லை. எல்லாப் படத்திலும் புல்மேல் என் நிழல், தூக்கிய கையோடு. கடைசிப் படம் வரைக்கும் தூக்கிய கைதான். நீங்கள் வரிசையாக மேசைமேல் பரப்பி வைத்ததும், இனி விபத்து என்று சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

உப்பை வைத்தேன். அவனை அங்கே நிறுத்தினேன். மாவு கொட்டுவதைப் பார்த்தேன், கையை இறக்கவில்லை. எதற்கென்று தெரிந்தேதான் இறக்கவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

அதன்பிறகு நான் உடனே கல்லை நோக்கி ஓடினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தூசி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு கேட்டிலும் இறங்கிக் கம்பியை மாட்டிவிட்டுத்தான் வந்தேன். திறந்து போட்டால் மாடுகள் சாலைக்குப் போய்விடும், யாராவது இடித்துவிடுவார்கள். அதைப் போய் உங்கள் உதவியாளர் அப்படி ஒரு பார்வை பார்த்தார். அவர் நகரத்துக்காரர்.

லொரெட்டா அடக்கத்துக்கு வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் படத்துக்காக எர்வின் நின்றுகொண்டிருந்த நேரமெல்லாம் என் படங்களைப் பற்றித்தான் பேசினானாம், "இதெல்லாம் வில்மா எடுத்தா எப்படி இருக்கும் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவன் சொல்லியிருப்பான். நல்ல மனசுக்காரன். அவன் நல்லவன் இல்லை என்று நான் எப்போதாவது சொன்னேனா?

இப்போது அந்தக் கடைசிப் படம். அதை ஏன் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் கொடுங்கள். எனக்கு ஒன்றும் ஆகாது.

நீங்கள் சொன்னதெல்லாம் கேட்டேன். சூரியன் நேராக முகத்தில் அடித்ததால் கண்ணைச் சுருக்கியிருக்கிறான் என்கிறீர்கள். மேட்டில் நான் நிற்பது கண்ணுக்குத் தெரியாமல், என் கை இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக, நெற்றிக்கு மேலே கையை வைத்து வெளிச்சத்தை மறைக்கிறான் என்கிறீர்கள். வாய் திறந்திருப்பது என் பெயரைக் கூப்பிடுவதற்காக என்கிறீர்கள். மேலே கல்லின் கழுத்தில் விரிசல் திறந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியதைப் பார்க்கிறீர்கள். அது உங்கள் வேலை, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் திரும்பச் சொல்லவில்லை, ஷெரிப். யாருமே சொல்லவில்லை. அவனாகத் திரும்பினான். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். எழுந்து இப்படி என் பக்கம் வாருங்கள், பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், எனக்குக் கை காட்டுகிறான். பல் தெரிகிறதல்லவா?